முதல் பதின்மூன்று நிமிடங்கள்

சிதம்பரம் வண்டிகேட்டுக்கு அருகே, இரண்டே அறைகள் கொண்ட ஒரு மாடி வீட்டில், ரேகா ஏழு ஆண்டுகளாகக் காலத்தைப் பழுது பார்த்து வந்தாள். இப்படிச் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. காலம் பழுதாவதில்லை, அதைச் சொல்லும் பெட்டிகள்தாம் பழுதாகின்றன என்று உடனே திருத்துவாள். திருத்துவதற்கு எதிரே ஓர் ஆள் இருந்தால்.

அந்தப் பெட்டிகளுக்கு டைம் சர்வர் என்று பெயர். துணை மின்நிலையங்களிலும் தொலைக்காட்சி நிலையங்களிலும் ஆலைகளிலும், யாரும் திரும்பிப் பார்க்காத ஏதோ ஓர் இரும்பு அலமாரியில் ஒன்று கிடக்கும். கூரை மேல் நிற்கும் ஆண்டெனா வழியாகச் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தை வாங்கி, அக்கட்டடத்திலுள்ள கணினிகளுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. அது இருக்கிறது என்பதே அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கெட்டுப்போன பிறகுதான் தெரியும்.

சென்னையில் இத்தகைய பெட்டிகளுக்குப் பணிமனை வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் ரேகா பதினோராண்டு இருந்தாள். பத்து வயதுக்கு மேற்பட்ட பெட்டிகளை இனித் தொடுவதில்லை என்று நிறுவனம் ஒரு நாள் முடிவு செய்தபோது, கழித்துக் கட்டிய உதிரிப் பாகங்களைத் தானே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள். அம்மா அப்போது இருந்தார். இரண்டு ஆண்டுகளாக இல்லை. திருமணம் ஒரு காலத்தில் பேச்சில் இருந்தது, பேச்சோடு நின்றுவிட்டது. இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. மின்னஞ்சலில் ஒரு நாளைக்கு இருபது பேருக்குப் பதில் எழுதுவாள். வாயால் பேசுவது பெரும்பாலும் வாரத்துக்கு இருமுறை, கூரியர் சாமிக்கண்ணுவிடம்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவன் மூச்சு வாங்கப் படியேறி வந்தான்.

"இன்னாக்கா, இந்தத் தபா இவ்ளோ வெயிட்டு? உள்ள கல்லா?"

"நேரம்."

"நேரம் இவ்ளோ கனக்குமா? எங்க ஆபீசுல கேட்டா நேரமே இல்லங்கறாங்க." கையெழுத்துக்கு அலைபேசியை நீட்டியவன் மாடியின் மூலையில் கம்பத்தின் மேல் வெள்ளைக் காளான் போல் நின்ற ஆண்டெனாவைப் பார்த்தான். "அது கொசு புடிக்கிற மிஷினாம். கீழ் வீட்டம்மா தெரு பூராவும் சொல்லி வெச்சிருக்காங்க. வாடகைய ஏத்திக் கேக்கப் போறாங்க, பாத்துக்கோங்க. வரேங்க்கா."

அவன் தெரு முனை திரும்பிய பிறகு அவளுக்கு ஒரு நல்ல பதில் தோன்றியது. எப்போதும் அப்படித்தான்.

பெட்டி செம்மங்குப்பத்திலுள்ள ஓர் இரசாயன ஆலையிலிருந்து வந்திருந்தது. மறுநாள் அதை மேசைமேல் வைத்து இயக்கினாள். 2025 ஆகஸ்டு பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பெட்டியோ, இன்று 2005ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் என்று சிறிதும் தயக்கமின்றிச் சொல்லிற்று. கோளாறு அவளுக்குப் பழக்கமானதுதான். செயற்கைக்கோள்கள் வாரங்களை எண்ணுகின்றன. ஆயிரத்து இருபத்து நான்கு வாரம் நிறைந்ததும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடுகின்றன. பழைய கருவிகள் பலவற்றுக்கு இந்தத் திருப்பம் புரிவதில்லை. ஒரு நள்ளிரவில் அவை ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் போய் விழுகின்றன. மணி சரியாக இருக்கும். நிமிடமும் நொடியும் சரியாக இருக்கும். கிழமைகூடச் சரியாகவே இருக்கும். தேதி மட்டும், நடந்து முடிந்த ஒரு நாளினுடையதாக இருக்கும்.

செயற்கைக்கோள் செய்தியைப் பிடிக்கும் ரிசீவரை அவள் வாங்கி என்பாள்; இந்த மாதிரிப் பெட்டிக்குள் புதிய வாங்கியைப் பொருத்த இடமில்லை. அதற்காக ரேகா தீப்பெட்டி அளவில் ஒரு மின்சுற்றுப்பலகை செய்திருந்தாள். பழைய வாங்கிக்கும் பெட்டிக்கும் நடுவே அது உட்காரும். வாங்கி சொல்வதைக் கேட்டு, தேதியோடு ஆயிரத்து இருபத்து நான்கு வாரத்தைக் கூட்டி, திருத்திய செய்தியைப் பெட்டிக்கு அனுப்பும். இதற்கு முன் பதினான்கு பெட்டிகளில் இதைப் பொருத்தியிருந்தாள். பதினைந்தாவதிலும் பொருத்தினாள். வீங்கியிருந்த கெபாசிட்டர்களை மாற்றினாள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தேநீர் வைத்தாள்.

அது அவளுடைய வழக்கம். பழைய நிறுவனத்தில் விதி. இயக்கிய முதல் கால் மணி நேரத்தில் காட்டும் அளவுகளை யாரும் குறிக்கக் கூடாது. செயற்கைக்கோள் தன் முழுச் செய்தியையும் ஒருமுறை சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை கருவி சொல்வது அரைகுறை. பேசி முடிக்காதவரைக் குறுக்கே நின்று கேள்வி கேட்பது போன்றது அது என்று ரேகா நினைப்பாள். தேநீரைக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்ப்பாள். பார்க்கும்போது எப்போதும் சரியாகவே இருந்தது.

மூன்று நாள் ஓடவிட்டுச் சோதித்த பின் சான்று எழுதினாள். சான்று எழுதுவதில் அவள் அவசரப்பட்டதே கிடையாது. "மின்சாரம் உள்ள நேரம் முழுவதும், ஒரு நொடியின் இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிழை இராது." ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்து வைத்திருந்தாள். கையெழுத்திட்டு, முகவரி முத்திரை குத்தி, பெட்டியோடு அனுப்பினாள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, படியில் சாமிக்கண்ணுவுடையது அல்லாத காலடி கேட்டது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். சட்டை கவனமாகத் தேய்க்கப்பட்டிருந்தது, முகம்தான் கசங்கியிருந்தது.

"மேடம், ரேகாங்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாம். பெட்டி எங்க?"

"பெட்டி இல்லைங்க. பேப்பர்தான் இருக்கு."

பெயர் அருள்முருகன், ஊர் புவனகிரி. செம்மங்குப்பம் ஆலையில் நான்கு ஆண்டாக ஒப்பந்த ஆபரேட்டர். வாசலில் நின்றபடியே, மனப்பாடம் ஆகிவிட்ட ஒன்றை ஒப்பிப்பவனைப் போல அவன் சொன்னான்.

"மூணாந்தேதி, ரெண்டு மணி ஷிப்டுங்க. மழை. ரெண்டு முப்பத்தொண்ணுக்கு கரண்டு போச்சு. ரெண்டு முப்பத்து மூணுக்கு ஜெனரேட்டர் எடுத்துச்சு. கம்ப்யூட்டர் எல்லாம் ஆஃபாயி மறுபடி ஆன் ஆச்சு. ரியாக்டர் உள்ள சரக்கு சூடா இருக்குது, அத ஆத்துற தண்ணி பம்பு தெணறுது. சூடு ஏறறதப் பாத்து நானே ஸ்டாப் பட்டன அமுக்கிட்டேன். என் வெரலு பட்டன் மேல இருக்கும்போதே அந்த சேஃப்டி சிஸ்டமும் தானா நிறுத்திச்சு. ரெண்டுக்கும் இடையில ஒரு மூச்சு விடுற நேரம்கூட இருக்காதுங்க. ஆனா நான்தான் மொதல்ல."

"சரி."

"ரெக்கார்டு வேற சொல்லுது. சேஃப்டி சிஸ்டம் ரெண்டு நாப்பது முப்பத்தோரு செகண்டு. நான் அமுக்குனது முப்பத்து நாலு. மிஷினு தானா நின்னு மூணு செகண்டு கழிச்சு, சத்தம் கேட்டு முழிச்சு, சும்மா அமுக்கியிருக்கேனாம். அதுவரைக்கும் தூங்கிட்டு இருந்தேனாம்." அவன் காகிதத்தைப் பிரித்தான். "சரக்கு மொத்தமும் வீணு. என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வர்ற வியாழக்கிழமை விசாரணை. அந்த சேஃப்டி சிஸ்டத்துக்கு தனியா புது கடிகாரம் இருக்கு, அது தப்பாவாதாம். நான் அமுக்குனத பதிவு பண்ற கம்ப்யூட்டரு உங்க பெட்டிகிட்டதான் நேரம் வாங்குது, அதுவும் தப்பாவாதாம். அதுக்கு ஆதாரம்னு இதை வெச்சிருக்காங்க. இத எழுதுனது நீங்கதானே மேடம்?"

குற்றச்சாட்டோடு இணைத்திருந்த நகலில் அவளுடைய முத்திரையே மங்கலாகத் தெரிந்தது. மின்சாரம் உள்ள நேரம் முழுவதும்.

"நான்தான்."

"மாமனார் வீட்ல தூங்குமூஞ்சி மாப்ளன்னு பேராயிடுச்சுங்க. மச்சான் போன் பண்ணா மொதல்ல 'எழுந்துட்டீங்களா மாமா'ன்னுதான் கேக்குறான். அது போவட்டும். நாலு வருசத்துல நான் ஒரு நாள்கூட அந்த நாற்காலியில கண்ண மூடினதில்லைங்க." காகிதத்தை அவள் பக்கம் நீட்டினான். "இந்தப் பெட்டி தப்பா காட்டியிருக்குமா மேடம்? ஒரு மூணு நாலு செகண்டு?"

"இல்ல. நாலு செகண்டுங்கறது இந்தப் பெட்டிக்கு நாலு யுகம் மாதிரி. அதுக்கு வாய்ப்பே இல்ல."

அவள் சொன்ன வேகம் அவளுக்கே திருப்தியாக இருந்தது. அவன் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தான்.

"சரிங்க. ஒரு வார்த்தை கேட்டுடணும்னு தோணுச்சு. வரேங்க."

அவன் இறங்கிப் போன பிறகுதான், உட்காரச் சொல்லவில்லை என்பதும் தண்ணீர் கொடுக்கவில்லை என்பதும் அவளுக்கு நினைவு வந்தன. வருகிறவர்களோடு பழகி ரொம்ப நாளாகிவிட்டது. மேசைக்குத் திரும்பி, பாதியில் விட்ட பற்றவைப்பைத் தொடர்ந்தாள். சில்லின் இரண்டு கம்பிக் கால்களைப் பற்றவைத்தாள். மூன்றாவதில் கை நின்றது.

மின்சாரம் வந்தது இரண்டு முப்பத்து மூன்றுக்கு. அவன் பொத்தானை அழுத்தியது இரண்டு நாற்பதுக்கு. நடுவில் ஏழு நிமிடம்.

அந்த ஏழு நிமிடத்தில் ஒரு பெட்டி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழு ஆண்டில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை இயக்கியிருக்கிறாள். ஒன்றையும் ஏழாவது நிமிடத்தில் பார்த்ததில்லை. அந்நேரத்தில் அவள் எப்போதும் சமையலறையில் இருந்தாள்.

அதே மாதிரிப் பெட்டி ஒன்று அவளிடம் சோதனைக்காக இருந்தது. அதே சுற்றுப்பலகை பொருத்தியது. அதை மின்சாரத்திலிருந்து பிடுங்கி, பத்து நிமிடம் ஆறவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க அவள் வைத்திருந்த துல்லியக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்து இயக்கினாள். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

ஒரு நிமிடம் வரை ஒன்றும் இல்லை. பிறகு எண்கள் வந்தன. கடிகாரம் மூன்று நாற்பத்தேழு பத்து என்றது. பெட்டி மூன்று நாற்பத்தேழு பதினான்கு என்றது.

நான்கு நொடி முன்னால்.

காரணம் தேட அவள் எழுந்திருக்கவில்லை. அது தானாகவே வந்து எதிரே உட்கார்ந்தது. செயற்கைக்கோள்களின் நேரமும் நாம் வழங்கும் நேரமும் ஒன்றல்ல. பூமியின் சுழற்சிக்கு ஈடு கொடுக்க நம் கடிகாரங்களில் அவ்வப்போது ஒரு நொடியைச் சேர்க்கிறார்கள். செயற்கைக்கோள்கள் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. இப்போது வேறுபாடு பதினெட்டு நொடி. அந்தப் பதினெட்டு என்ற எண்ணையும் செயற்கைக்கோளே சொல்லும். ஆனால் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் சொல்லும். அதுவரை பழைய வாங்கி, தான் பிறந்த காலத்தில் கற்ற எண்ணையே கழித்துக்கொண்டிருக்கும். அது பிறந்த காலத்தில் அவ்வெண் பதினான்கு.

பன்னிரண்டாவது நிமிடம் கடந்து சிறிது நேரத்தில் பெட்டியின் நொடிகள் தடுக்கி விழுந்தாற்போல் பின்னால் சரிந்து, கடிகாரத்தோடு சேர்ந்துகொண்டன. அதன் பிறகு அவற்றைப் பிரித்தறிய எந்தக் கண்ணாலும் முடியாது.

பெட்டியைச் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. முழுச் செய்தி கிடைக்கும் வரை வாங்கி தன் ஒவ்வொரு வரியோடும் 'இன்னும் உறுதியில்லை' என்று ஒரு குறியை அனுப்பும். அந்தக் குறி இருக்கும் வரை பெட்டி யாருக்கும் நேரம் கொடுக்காமல் வாய் மூடி இருக்கும். ரேகாவின் சுற்றுப்பலகை அந்த வரியைப் புதிதாக எழுதியது. எழுதும்போது, குறி இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் 'உறுதி' என்றே எழுதியது. அவள் அப்படித்தான் செய்து வைத்திருந்தாள். அவள் வந்து பார்க்கும்போதெல்லாம் அது உறுதியாகவே இருந்ததல்லவா?

மேலும் மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் நான்கு நொடி. நான்காவது முறை முடியும்போது எதிர்வீட்டுச் சுவரில் வெயில் ஏறி மறைந்திருந்தது.

முப்பத்து நாலில் நாலு போக முப்பது. சேஃப்டி சிஸ்டம் முப்பத்தொன்று. அவன் ஒரு நொடி முந்தியிருந்தான்.

இதை வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. செம்மங்குப்பத்துப் பெட்டியை இப்போது யார் சோதித்தாலும் சரியாகவே காட்டும். தவறு பதின்மூன்று நிமிடம் இருந்துவிட்டு, ஒரு சுவடும் வைக்காமல் போய்விடுகிறது. அவள் பேசாமல் இருந்தால் அது நடக்கவே இல்லை.

அருள்முருகனின் அலைபேசி எண்ணை அவள் கேட்டு வாங்கியிருக்கவில்லை. காலையில், பெட்டியை அனுப்பிய கருவிப் பிரிவு மேலாளர் ராபர்ட்டை அழைத்தாள். முழுவதையும் ஒழுங்காக, முதலிலிருந்து சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"பெட்டி இப்ப சரியாத்தானே ஓடுது மேடம்?"

"இப்ப சரியா ஓடுது. அப்ப இல்ல."

"அப்ப இல்லன்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பேப்பர நம்பி நானும் கையெழுத்து போட்டிருக்கேன். உங்க வேலையே தப்புன்னு நீங்களா வந்து சொன்னா, இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒருத்தன் இனிமே உங்ககிட்ட பெட்டி குடுக்க மாட்டான். அந்தப் பையன் கான்ட்ராக்ட்டுதான். இங்க இல்லன்னா இன்னொரு எடத்துல சேந்துக்குவான்."

"அங்கயும் தூங்குறவருன்னுதானே சேருவாரு?"

"உங்களுக்கு ஏன் மேடம் இவ்ளோ டென்ஷன்? அவன் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லங்க. எனக்கு அப்படி யாரும் இல்ல."

இரண்டாவது வாக்கியம் அந்தக் கேள்விக்குத் தேவையற்றது. சொல்லி முடித்த பிறகுதான் அதை அவள் கவனித்தாள். ராபர்ட்டும் கவனித்திருக்க வேண்டும். குரல் சற்று இறங்கியது. "யோசிச்சு செய்யுங்க மேடம். நான் உங்கள தடுக்கல" என்று வைத்துவிட்டார்.

அன்று மதியமே விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒன்றரைப் பக்கம். ஏழு முறை திருத்தினாள். ஏழாவது படியில் சமாதானம் சொல்லும் வாக்கியம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் அனுப்பினாள். புதன்கிழமை மாலை ஒரு பெண் குரல் அழைத்தது. "நாளைக்குப் பத்தரைக்கு நேர்ல வந்து காட்ட முடியுமா? காயிதத்துல படிச்சா எனக்கு ஒண்ணும் வெளங்கல."

விசாரணை அதிகாரி இளவரசி கடலூரில் வழக்கறிஞர். இத்தகைய விசாரணைகளுக்கென ஆலை வெளியிலிருந்து அமர்த்துபவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு எல்லாரையும் வெறுங்கண்ணால் பார்த்தார். மேசைக்கு ஒரு பக்கம் ராபர்ட். மறுபக்கம் அருள்முருகன், அதே தேய்த்த சட்டை. ரேகா உள்ளே வந்ததும் அவன் எழுந்தான். எதற்காக வந்திருக்கிறாள் என்று தெரியாத முகம். யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆலையின் பெட்டியை அலமாரியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார்கள். ஆண்டெனாக் கம்பியைச் சன்னல் வழியாக இழுத்து வந்தார்கள். பக்கத்தில் சேஃப்டி சிஸ்டத்தின் கடிகாரத்தைக் காட்டும் திரை. அதன்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ரேகா மின்சாரத்தைக் கொடுத்தாள்.

"இப்ப எவ்ளோ நேரம் காத்திருக்கணும்?" என்றார் இளவரசி.

"பதின்மூணு நிமிஷம். ஆனா தப்பு ஒரு நிமிஷத்துலயே தெரியும்."

தெரிந்தது. திரை பதினொன்று எட்டு இருபது என்றபோது பெட்டி பதினொன்று எட்டு இருபத்து நான்கு என்றது. இளவரசி தலைமேலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அருள்முருகன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை. ஒரு பையன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதைப் பார்க்கிறார்கள் என்று தானும் எட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் போனான். ராபர்ட் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதன் பொருத்தமின்மை உறைத்தவர்போல் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார்.

"இருபது வருசமா விசாரணை நடத்துறேன். இவ்ளோ நேரம் யாரும் பொய் சொல்லாம இருந்தது இதான் மொதத் தபா" என்றார் இளவரசி. சிரித்தவர் ராபர்ட் மட்டுமே.

பெட்டியின் எண்கள் சரிந்து திரையோடு சேர்ந்தன. அருள்முருகன் மூச்சை வெளியே விட்டது அறை முழுவதும் கேட்டது.

"முப்பத்து நாலுல நாலு கழிச்சா முப்பது" என்று இளவரசி தமக்குத் தாமே சொல்லி எழுதினார். "அது முப்பத்தொண்ணு. அப்ப இவரு சொன்ன மாதிரியே, ஒரு செகண்டு முன்னாடி." நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "ஏம்ப்பா, ஒரு செகண்டுன்னு நீ எப்படிச் சொன்ன?"

"நான் ஒரு செகண்டுன்னு சொல்லலீங்க. மொதல்லன்னுதான் சொன்னேன்."

முடிவை அவர் வாய்விட்டுப் படித்தார்: ஆபரேட்டர் கவனமாகவே இருந்தார், குற்றச்சாட்டு நிலைக்கவில்லை, கால வேறுபாட்டுக்குக் காரணம் பழைய பெட்டியின் கோளாறு. சாட்சியாகக் கையெழுத்திட ரேகாவிடம் தாளை நகர்த்தினார். அவள் பேனாவை எடுத்து, கடைசி வரியில் நிறுத்தினாள்.

"இந்த வரி சரியில்லங்க."

"இன்னா சரியில்ல?"

"பெட்டியில கோளாறு இல்ல. அது 'எனக்கு இன்னும் உறுதியில்ல'ன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. அதை வெளிய விடாம செஞ்சது நான் வெச்ச பலகை. ரிப்பேர் பண்ணவரோட கவனக்குறைவுன்னு எழுதணும்."

ராபர்ட் கையை உயர்த்தினார். "மேடம், அந்தப் பையனுக்கு வேண்டியது கெடச்சிடுச்சு. அத்தோட விடுங்களேன்."

"பெட்டி கோளாறுன்னா இதைத் தூக்கிப் போட்டுடுவீங்க. மத்த எடத்துல இருக்கற பலகை அப்படியே ஓடிக்கிட்டிருக்கும்."

இளவரசி தாளைத் தம் பக்கம் இழுத்தார். பிறகு வரியை அடித்து, அவள் சொன்னபடி எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். ரேகா படித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. கையெழுத்திட்டாள்.

வெளியே ஷிப்டு முடிந்த நான்கைந்து பேர் அருள்முருகனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "டேய், ஒரு செகண்டு! இனிமே ஒன் பேரு ஒரு செகண்டு அருளுதான்டா." "மச்சான், மாமனார் வீட்டுக்கு மொதல்ல போன் போடு. ஸ்பீக்கர்ல போடு, நாங்களும் கேக்குறோம்." அவன் சிரித்துக்கொண்டே விலகி, தேவைப்படுமென்று கொண்டுவந்திருந்த தன் சோதனைப் பெட்டியோடு வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்த ரேகாவை ஓடி வந்து பிடித்தான்.

"மேடம், வண்டி இருக்குது. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் விட்டுடறேங்க. வெயிலு ஜாஸ்தியா இருக்கு."

"வேண்டாம். நடந்துடுவேன்."

பழக்கத்தில் வந்த பதில். வாயிலிருந்து புறப்பட்ட அக்கணமே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றியது.

"மேடம், அன்னைக்கு நீங்க இல்லவே இல்லன்னு சொன்னப்ப..." அவன் தொடங்கினான்.

"தப்பாச் சொல்லிட்டேன். உக்காரச் சொல்லியிருக்கணும். பாத்துட்டுச் சொல்லியிருக்கணும்."

"பரவாயில்லைங்க." பின்னாலிருந்து யாரோ அவன் பெயரைக் கூவினார்கள். அவன் கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். ஓட்டத்தின் நடுவிலேயே யாரோ ஒருவர் கொடுத்த அலைபேசி அவன் காதுக்குப் போனது.

மறுநாள் முதல் ரேகா பதினான்கு பேரை அழைத்தாள். தன் பெயரைச் சொல்லி, தவறைச் சொல்லி, பெட்டியைத் தன் செலவில் திருப்பி அனுப்பக் கேட்டாள். வடக்கே நீமச் என்னும் ஊரில் ஒருவர் அவள் சொன்னதை நம்பாமல் மூன்று முறை திரும்பக் கேட்டார். சூரத்தில் ஒருவர், நாலு நொடிக்கெல்லாம் யாரம்மா போன் செய்வார்கள் என்று சிரித்தார். இருவர் பெட்டியைக் கழற்றி எறிந்தே ஓராண்டு ஆகியிருந்தது. அதை அவளிடம் சொல்ல அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஒன்பது பெட்டிகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் பலகையை மாற்றினாள். ஒவ்வொன்றையும் குளிர்ந்த நிலையில் இயக்கி, முதல் நொடியிலிருந்து எதிரே உட்கார்ந்து பார்த்தாள். பெட்டி பதின்மூன்று நிமிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்கும். அவளும் அப்படியே இருப்பாள். முதல் பதின்மூன்று நிமிடம் பெட்டி நேரம் கொடுக்காது என்று சான்றில் ஒரு வரி கூடியது. 'முழுவதும்' என்ற சொல் போயிற்று.

ராபர்ட் சொன்னது சரியாகவே இருந்தது. அதன் பிறகு செம்மங்குப்பத்திலிருந்து ஒரு பெட்டியும் வரவில்லை. வேறிடங்களிலிருந்தும் வரவு குறைந்தது. சில வாரங்களில் சாமிக்கண்ணு ஒருமுறைதான் வந்தான். சில வாரங்களில் வரவே இல்லை.

நவம்பர் கடைசியில், திருத்திய பெட்டிகளில் ஒன்றைக் கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள ஒரு பரிசோதனைக்கூடத்தில் தானே பொருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டாள். கூரியரிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் போக வேண்டும்போல் இருந்தது. பேருந்தில் மடியில் பெட்டியோடு சன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். புதுச்சத்திரம் கடந்தது, ஆலப்பாக்கம் கடந்தது. செம்மங்குப்பத்தில் ஆலை வாசலருகே பேருந்து நின்றது. ஷிப்டு மாறும் நேரம். நீலச் சட்டையும் மஞ்சள் தலைக்கவசமுமாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கிழித்துக்கொண்டு அடுத்த ஷிப்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. சாலையைக் கடக்கும் கூட்டத்துக்காக ஓட்டுநர் அலுப்போடு காத்திருந்தார்.

ரேகா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தலைக்கவசத்துக்குக் கீழே எல்லா முகங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. பேருந்து நகர்வதற்குள் ஏழெட்டு முகங்களைத்தான் பார்க்க முடிந்தது. அவற்றில் அவனுடையது இல்லை.